எஞ்சின் நின்ற பிறகு: பழைய விளையாட்டுக் காருக்கு ஒரு கணக்கு

காட்கோபர் மேற்கிலிருந்து லால் பகதூர் சாஸ்திரி சாலையில் தெற்கு நோக்கிச் சென்றால், வித்யாவிஹாரைக் கடந்து குர்லாவில் கோஹினூர் சிட்டி என்னும் கட்டடத் தொகுதி தென்படும். ஒரு காலத்தில் அந்நிலத்தில் இயங்கியது பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தோற்றுவித்த அந்நிறுவனமே மும்பைக்குப் பிரீமியர் பத்மினியைத் தந்தது. கறுப்பும் மஞ்சளுமாய் நகரெங்கும் ஓடிய அந்த டாக்சிகளில் கடைசியாகப் பதிவானது 2003 அக்டோபரில். இருபது ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபர் இறுதியில் அதுவும் விடைபெற்றது.

அதே நிறுவனம் 1985இல் 118 என்.இ. என்றொரு காரை வெளியிட்டது. உடல் ஃபியட் 124 வழிவந்தது. எஞ்சினோ நிஸானின் 1,171 கன சென்டிமீட்டர் எஞ்சின். பெயரிலுள்ள என்.இ. என்னும் எழுத்துகள் அந்த நிஸான் எஞ்சினைக் குறிப்பவையே. ஓர் இத்தாலிய உடலுக்குள் ஜப்பானிய இதயம் பொருந்தி, இந்தியச் சாலைகளில் பல்லாண்டுகள் ஓடியது. எஞ்சின் பழுதாகி நின்றுவிட்ட காரின் உரிமையாளருக்கு இவ்வரலாறு ஓர் ஆசையை உண்டாக்கும்: ‘தொழிற்சாலை செய்ததை நம் மெக்கானிக் செய்யக்கூடாதா?’ இக்கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். அதற்கு விடை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

இக்கட்டுரைக்கு ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். காட்கோபர் கிழக்கில் வாழும் ஒருவரிடம் சான் ஸ்டார்ம் கார் ஒன்று உள்ளது. 1990களின் இறுதியில் கோவாவில் சான் மோட்டார்ஸ் உருவாக்கிய இரு இருக்கைக் கார் அது. கண்ணாடியிழை உடலும், ரெனோ நிறுவனத்தின் 1,149 கன சென்டிமீட்டர் எஞ்சினும் கொண்டது. இந்தியாவில் உருவான விளையாட்டுக் கார்கள் மிகச் சில. அவற்றுள் இதுவும் ஒன்று. ரெனோ இதே குடும்ப எஞ்சினைத் தன் கிளியோ காரில் பயன்படுத்தியது. ஆனால் கிளியோ இந்தியச் சந்தைக்கு வரவேயில்லை. ஆகவே பத்மினிக்குப் பிஸ்டன் கேட்டால் எடுத்து நீட்டும் கடைக்காரர், இதற்குக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். நமது உரிமையாளர் ஒரு மாலை கண்டாலா மலைப்பாதையில் ஏறும்போது வெப்பமானி சிவப்பைத் தொட்டது, பிறகு உலோகம் உலோகத்தோடு மோதும் ஓசை, பிறகு அமைதி. கார் இழுவை வண்டியில் வீடு திரும்பியது.

முதற் கேள்வி: எஞ்சின் உண்மையிலேயே போய்விட்டதா? வியப்பூட்டும் அளவுக்கு இக்கேள்வி கேட்கப்படாமலே விடப்படுகிறது. ‘எஞ்சின் போச்சு’ என்னும் இரு சொற்களுக்குள் பல நோய்கள் அடங்கும். சூடேறி ஹெட் கேஸ்கட் எரிந்திருந்தால், எண்ணெயில் குளிர்நீர் கலந்து பால் சேர்த்த தேநீர் நிறத்தில் தெரியும். சிலிண்டர் தலையைச் சமன்செய்து புதிய கேஸ்கட் இட்டால் பிழைக்க வாய்ப்புண்டு. டைமிங் பெல்ட் அறுந்து, பிஸ்டன் வால்வை முட்டியிருந்தால் சேதம் பெரும்பாலும் மேற்பகுதியோடு நிற்கும். எண்ணெய்த் தொட்டியைக் கழற்றும்போது உலோகத் துகள்கள் மினுங்கினால், கிராங்க் தண்டின் பேரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று பொருள்; அது பெரிய வேலை. பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு கனெக்டிங் ராடு வெளியே வந்திருந்தால், அந்த பிளாக்கைக் காப்பாற்றுவது பற்றிப் பேச அதிகம் இல்லை. ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் சோதனைக்குச் செலவு சொற்பம். அதைச் செய்து, எழுத்து வடிவில் மதிப்பீடு பெற்ற பின்னரே எஞ்சினைப் பிரிக்க ஒப்புதல் தரவேண்டும். பிரித்துப் பரப்பிய எஞ்சினின் உரிமையாளருக்குப் பேரம் பேசும் வலிமை குறைவு.

மழையைப் பற்றி ஒரு சொல். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை மும்பைவாசிகள் மறக்கமாட்டார்கள். குர்லாவும் அதைச் சூழ்ந்த பகுதிகளும் நீரில் மூழ்கின. வெள்ளத்தில் நின்றுவிட்ட காரை மீண்டும் மீண்டும் கிளப்ப முயன்றால், சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்க மறுக்க, கனெக்டிங் ராடு வளையும். சாதாரண மோட்டார் காப்பீடு இயந்திரக் கோளாறையும் தேய்மானத்தையும் விலக்குகிறது. விபத்தின் பின்விளைவான இழப்பையும் அது ஏற்பதில்லை. நீர் புகுந்த காரைக் கிளப்பியதால் வந்த சேதம் இந்த விலக்குக்குள் தள்ளப்படுவதே வழக்கம். எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் உறை எடுத்திருந்தால்தான் நம்பிக்கை உண்டு. நமது எடுத்துக்காட்டில் சூடேறி நின்றது எஞ்சின். அது இயந்திரக் கோளாறு. செலவு முழுவதும் உரிமையாளரின் கையிலிருந்தே.

சோதனையில் பேரிங்கும் சிலிண்டர் சுவரும் கெட்டிருப்பது உறுதியானது என்று வைத்துக்கொள்வோம். இனி வழிகள். இருக்கும் எஞ்சினையே முழுமையாகப் புதுப்பிக்கலாம். அதே வகைப் பழைய எஞ்சினை வாங்கிப் பொருத்தலாம். வெளிநாட்டிலிருந்து புதியதை வரவழைக்கலாம். வேறு வகை எஞ்சினை மாற்றிப் பொருத்தலாம். காரை நின்ற நிலையிலேயே விற்றுவிடலாம்.

புதுப்பித்தல் நம் பட்டறைகளுக்குப் பழகிய கலை. சிலிண்டரைச் சற்றே பெரிதாகக் கடைந்து, அளவில் பெரிய பிஸ்டனும் ரிங்கும் இட்டு, கிராங்கைத் தேய்த்து, பேரிங்குகளை மாற்றி, வால்வுகளை இருக்கையோடு இழைப்பார்கள். பத்மினி டாக்சிகள் இவ்வாறு பல பிறவிகள் எடுத்தவை. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: கடைவதற்கு முன்னரே அந்தப் பெரிய அளவு பிஸ்டன் கைக்கு வந்திருக்கவேண்டும். அபூர்வமான எஞ்சினில் முதலில் கடைந்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடுவது, வேட்டி வாங்குமுன் கரையைத் தைப்பது போன்றது. இதன் பெரிய நன்மை காகிதத்தில் உள்ளது: எஞ்சின் எண் மாறுவதில்லை, பதிவுச் சான்றிதழ் அப்படியே செல்லும்.

பழைய எஞ்சின் தேடுவோர் குர்லாவின் சி.எஸ்.டி. சாலைப் பக்கம் செல்வார்கள். காட்கோபரிலிருந்து ஆட்டோவில் எட்டிவிடும் தூரத்தில், உடைத்த கார்களின் உறுப்புகள் கடைகடையாகக் குவிந்துகிடக்கும் இடம் அது. அங்கு வாங்குவது தவறன்று. கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதுதான் தவறு. எஞ்சினைக் கையால் சுழற்றிப் பார்க்கவேண்டும், இறுகியிருந்தால் விலகிவிடவேண்டும். எண்ணெய் மூடியைத் திறந்து உட்புறத்தில் கரிய கசடு அப்பியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கடைக்காரர் இசைந்தால் அங்கேயே கம்ப்ரஷன் சோதனை செய்யலாம். இசையாவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சின் எண் தெளிவாக இருக்கவேண்டும். சுரண்டப்பட்ட, மீண்டும் அடிக்கப்பட்ட எண்ணைக் கண்டால் எவ்வளவு மலிவானாலும் தொடக்கூடாது. திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால் காவல் நிலையத்தில் விளக்கம் சொல்லவேண்டியவர் அதை வைத்திருப்பவரே. ஜி.எஸ்.டி. எண்ணும் எஞ்சின் எண்ணும் எழுதிய ரசீதோடு, அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான பதிவு ஆவணத்தின் நகலையும் கேட்டுப் பெறவேண்டும்.

இப்போது ஒதுக்கிவைத்த கேள்வி. வேறு வகை எஞ்சினைப் பொருத்தலாமா? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தம் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பிரீமியர் நிறுவனம் உற்பத்தியாளர் என்ற நிலையில் செய்ததை உரிமையாளர் செய்ய இயலாது என்பதே விடை. கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கி ஒரு தலைமுறை ஓட்டுநர்களை வளர்த்தார். ஆனால் அவை ஓடியது பந்தயத் தடத்தில், எண் பலகை தாங்கிய சாலையில் அன்று. எரிபொருள் மாற்றத்துக்கான அங்கீகரிக்கப்பட்ட சாதனங்களுக்குச் சட்டம் தனி வழி விட்டிருக்கிறது. அந்தக் குறிப்பிட்ட காருக்கு அங்கீகாரம் பெற்ற சாதனம் இருந்தால் மட்டுமே அது பயன்படும்.

ஆக மீதமுள்ள வழிகளுக்குக் கணக்கிடுவோம். கீழ்வரும் எண்கள் முறையை விளக்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை, சந்தை விலைகளல்ல. ஓடும் நிலையில், சொந்த எஞ்சினோடு காரின் மதிப்பு 4,50,000 ரூபாய். நின்ற நிலையில் 1,50,000. புதுப்பிக்க 1,80,000. பழைய எஞ்சின் கூலியோடு 1,10,000. ஆனால் எஞ்சின் எண் மாறிய காருக்கு வாங்குபவர் 3,80,000தான் தருவார். புதிய எஞ்சினை வரவழைத்துப் பொருத்த 4,00,000. அதனால் கார் மதிப்பு 4,80,000 ஆகும்.

உரிமையாளர் முதலில் சொல்லும் வாக்கியம்: ‘எட்டு லட்சம் போட்டிருக்கிறேன்.’ அந்த எட்டு லட்சம் இக்கணக்கில் எங்கும் இல்லை என்பதைப் பாருங்கள். அது எந்த வழியைத் தேர்ந்தாலும் திரும்பாது. எனவே எந்த வழியையும் மேலாக்கவோ கீழாக்கவோ அதற்கு இயலாது.

புதிய எஞ்சினில் மிஞ்சுவது 80,000. நின்றபடியே விற்றால் 1,50,000. புதுப்பித்தால் 2,70,000. பழைய எஞ்சினிலும் 2,70,000 மிஞ்சுவதுபோல் தோன்றும். ஆனால் நான்கில் ஒன்று பயனற்றுப்போகும் என்று கொண்டால், மீண்டும் ஒருமுறை அதே செலவு செய்யும் ஆபத்துக்கு 27,500 ரூபாய் ஒதுக்கவேண்டும். மிஞ்சுவது 2,42,500. புதுப்பித்தலே 27,500 ரூபாயால் முன்னிற்கிறது.

இங்கு நிறுத்தினால் பாதிக் கணக்கு. பணம் கடனாக வந்தால்? ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 36 மாதத் தவணை எனில், 1,80,000 ரூபாய்க்கு மாதம் ஏறத்தாழ 5,979. மொத்த வட்டி சுமார் 35,200. பழைய எஞ்சினுக்கான 1,10,000 ரூபாய்க்கு மாதம் 3,654. வட்டி சுமார் 21,500. வட்டியில் மட்டும் 13,700 வேறுபாடு. புதுப்பித்தலின் முன்னிலை 13,800 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. பட்டறையின் மதிப்பீடு எட்டு சதவீதம் உயர்ந்தாலே முடிவு தலைகீழாகும். எஞ்சினைப் பிரித்த பின் மதிப்பீடு எட்டு சதவீதத்தோடு நிற்பது எவ்வளவு அரிது என்பதைப் பட்டறை வாசலில் நின்றவர்கள் அறிவர். ஆகவே நமது உரிமையாளர் கேட்கவேண்டியது ‘எவ்வளவு ஆகும்?’ என்பதன்று, ‘இதற்கு மேல் ஆகாது என்று எழுதித் தருவீர்களா?’ என்பதே. எழுதித் தந்தால் புதுப்பிக்கலாம். மறுத்தால், சோதிக்கப்பட்ட பழைய எஞ்சினே மேல் என்பது என் கருத்து. வைப்புத்தொகை உள்ளவர்கள் அதன்மீது கடன் பெற்றால் வட்டி பெரும்பாலும் தனிநபர் கடனைவிடக் குறையும். கணக்கை அந்த விகிதத்தில் மீண்டும் போட்டுப் பார்க்கவும்.

காரின் வயதையும் சேர்க்கவேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. புதுப்பித்த பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பதிவு முடியும் தறுவாயில் உள்ள காரில் எஞ்சின் செலவு செய்யுமுன், தகுதிச் சோதனையில் உடலும் பிரேக்கும் தேறுமா என்று பார்ப்பது நல்லது.

வாகனக் கடன் நிலுவையில் இருந்தால், எஞ்சினைத் தொடுமுன் வங்கிக் கிளைக்குக் கடிதம் எழுதவேண்டும். வாடகைக் கொள்முதல் வண்டியைப் பதிவு உரிமையாளரின் எழுத்து ஒப்புதலின்றி மாற்றக்கூடாது என்று 52ஆம் பிரிவே கூறுகிறது. அடமானக் கடன் ஒப்பந்தங்களிலும் இத்தகைய விதி இருப்பது வழக்கம். கடனுக்கு ஈடாக நிற்பது அந்தக் கார்; அதன் எஞ்சின் எண் கடன் ஆவணத்திலும் உள்ளது. பழைய எஞ்சினைத் தேர்ந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலை முன்கூட்டியே கோருவது பாதுகாப்பு. காட்கோபர் வாசிகளுக்கு அது எம்.எச். 03 என்னும் குறியீடுள்ள வடாலா அலுவலகம். எஞ்சினை மாற்றியபின் 14 நாட்களுக்குள் தெரிவித்து, புதிய எண்ணைப் பதிவுச் சான்றிதழில் ஏற்றவேண்டும். அதன் நகல் காப்பீட்டு நிறுவனத்துக்கும் வங்கிக்கும் செல்லவேண்டும். எண் பொருந்தாத கார் விபத்துக்குள்ளானால், இழப்பீட்டுக் கோரிக்கையின் முதல் பக்கத்திலேயே தகராறு தொடங்கும்.

புதுப்பித்த எஞ்சின் வீடு வந்தபின் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு விரட்டாமல், சுமை ஏற்றாமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல் பழக்கவேண்டும். எண்ணெயையும் வடிகட்டியையும் வழக்கத்தைவிட விரைவாக மாற்றவேண்டும். கண்டாலா மலைப்பாதை அதுவரை காத்திருக்கட்டும். அங்கே மீண்டும் ஏறுமுன் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், விசிறி மூன்றையும் சோதித்துக்கொள்ளவேண்டும். முதல் எஞ்சினைக் கொன்ற வெப்பம் எங்கிருந்து வந்தது என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை.