அளவறிந்து உண்போம்

புலால் நீக்கிய உணவாயின் எவ்வளவு உண்டாலும் தீங்கில்லை எனப் பலர் கருதுகின்றனர். இது பிழை. சோழவந்தான் நெல்லும் தேங்காயும் நல்லுணவே. ஆயினும் இலை நிறையச் சோறும் ஓரத்தில் சிறிது காயும் கொள்வது நலம் தராது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவுற்றோர் ஏறத்தாழ 10 கோடிப் பேர் என மதிப்பிட்டது.

நோன்பிருந்து, பாரணையில் மிகுதியாக உண்பதும் முறையன்று. புறத்தவம் ஆறனுள் அனசனத்தை அடுத்து அவமோதரியம் கூறப்படுகின்றது. வயிறு நிறையுமுன் நிறுத்துதலே அது. நீரிழிவுக்கு மருந்துண்போர் மருத்துவரைக் கேட்ட பின்னரே நோன்பேற்றல் வேண்டும்.

கடும்பயிற்சியே பயன்தரும் என்பதும் தவறு. உலக சுகாதார நிறுவனம் பெரியோர்க்கு வாரம் 150 நிமிட மிதமான உழைப்பையேனும் வேண்டுகிறது. வைகைக் கரையில் ஐந்து நாள் அரைமணி விரைந்து நடப்பின் அது நிறைவுறும்.

உணவிலும் உழைப்பிலும் அளவே அறம் என்போம் நாம்.