கருவிலேயே போடப்படும் சுவிட்ச்

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் பிரிவு)



மார்பகப் புற்றுநோய்க்கு நம்ம ஊரில் இரண்டு காரணம்தான் சொல்வார்கள். ஒன்று பரம்பரை, இன்னொன்று போன ஜென்மத்துப் பாவம். அறிவியல் மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறது. நமக்குத் தெரிந்த வயரிங்கை வைத்தே அதை விளக்குகிறேன்.

ஜீன்களை ஒரு வீட்டின் வயரிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த விளக்கு எரிய வேண்டும் என்பதைச் சுவிட்ச்தான் தீர்மானிக்கிறது. உடம்பில் அந்த வேலையைச் செய்பவற்றில் ஒன்று மெத்தில் என்ற சிறு வேதித்தொகுதி. அது ஜீனின் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டால் அந்த ஜீன் பெரும்பாலும் அணைந்துவிடும். வயர் மாறாமல் சுவிட்ச் மட்டும் மாறும் இதைத்தான் எபிஜெனிடிக்ஸ் என்கிறார்கள். புற்றுநோயைத் தடுக்கும் ஜீன் அணைந்துபோனால் ஆபத்துதான்.

சாப்பாடு இந்தச் சுவிட்சைத் தொடுமா? தொடும். 2003-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், சினை எலிகளுக்கு ஃபோலிக் அமிலம், பி12 முதலியவை கலந்த தீனி கொடுத்தார்கள். மஞ்சள் ரோமக் குட்டிகள் குறைந்து பழுப்புக் குட்டிகள் கூடின. 2007-ல் பிஸ்பீனால்-ஏ என்ற பிளாஸ்டிக் ரசாயனத்தைக் கொடுத்தபோது மஞ்சள் குட்டிகள் கூடின. கூடவே ஃபோலிக் அமிலம் கொடுத்ததும் அந்த விளைவு நின்றுபோனது.

மனிதர்களிடம்? கலிபோர்னியாவின் ஓக்லாந்து பகுதியில் 1959 முதல் 1967 வரை தாய்மார்களிடம் எடுத்த ரத்தத்தைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். பார்பரா கோன் குழுவினர் அதில் டி.டி.டி. அளவைப் பார்த்தார்கள். 14 வயதுக்கு முன்பே அந்த மருந்து புழக்கத்துக்கு வந்துவிட்ட பெண்களில், ரத்தத்தில் அது அதிகம் இருந்தவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு 5 மடங்கு என்று 2007-ல் தெரிந்தது. வயிற்றிலிருந்த மகள்களுக்கும் கிட்டத்தட்ட 4 மடங்கு வாய்ப்பு என்று 2015-ல் தெரிந்தது. சுவிட்ச் மாறியதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்கிறார்கள். மார்பகத் திசு கருவில் உருவாகி, பருவ வயதில் வேகமாக வளர்கிறது. அந்த இரண்டு சமயமும்தான் முக்கியம்.

எங்க அத்தைக்குக் கட்டி வந்தப்போ, "யாருக்கு என்ன பாவம் செஞ்சேனோ"ன்னு ஒரு வருஷம் வெளியே சொல்லாமலே இருந்தாங்க. பாவத்துக்கும் கட்டிக்கும் சம்பந்தம் இல்லை. மறைத்த அந்த ஒரு வருஷம்தான் பெரிய நஷ்டம்.

டி.டி.டி.யை விவசாயத்தில் பயன்படுத்த இந்தியா 1989-ல் தடை விதித்தது. மற்ற பூச்சிமருந்துகள் இன்னும் நம் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. எங்க வீட்டில் அந்த பாட்டில்மேல் இருக்கும் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். சிவப்பு முக்கோணம் என்றால் கடும் விஷம் என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மருந்து அடிக்கிற வயலுக்குக் கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் விடாதீர்கள். காலி டப்பாவைக் கழுவித் தண்ணீர் மொள்ளாதீர்கள். கட்டி தெரிந்தால் உடனே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

படித்த நாம் சொல்லாவிட்டால் நம் வீட்டுக்கு வேறு யார் சொல்வார்கள், நண்பர்களே?