ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிராம் சாம்பல்?

"சஸ்டெய்னபிள் லைஃப்ஸ்டைல்"னு சொன்ன உடனே நம்ம கண் முன்னாடி வர்றது ஒரு போஸ்டர். பச்சைக் கலர்ல ஒரு பூமி, அதைத் தாங்குற ரெண்டு கை, கீழே "மரம் வளர்ப்போம்". சிம்போசியம் வாசல்ல பார்ப்போம், பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுப்போம், உள்ளே போயிடுவோம். அந்தப் போஸ்டர்ல எல்லாம் இருக்கும், ஒரு எண் மட்டும் இருக்காது.

நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க. ரீடிங் எடுக்காம ரெக்கார்டுல கையெழுத்து வாங்க முடியாது. அதே ரூலை நம்ம தினசரிப் பழக்கங்களுக்கும் போட்டுப் பார்ப்போம். எந்தப் பழக்கம் நிஜமாவே பலன் தருது, எது சும்மா மனசுக்கு ஆறுதல்? இதுதான் இந்தக் கட்டுரையோட கேள்வி. கணக்கு எல்லாம் எட்டாம் வகுப்புப் பெருக்கல்தான், பயப்படாதீங்க.

ஒரே ஆறு, ரெண்டு முனை

கணக்குக்கு முன்னாடி நம்ம மாவட்டத்தோட மேப்பை ஒரு தடவை பார்த்துடுங்க. திருவள்ளூர் பக்கத்துல பூண்டி ஏரி. கொசஸ்தலை ஆத்துக்குக் குறுக்கே கட்டி 1944-ல் முடிச்ச நீர்த்தேக்கம் அது. சத்தியமூர்த்தி சாகர்னு பேர். அங்கிருந்து சோழவரம், புழல் ஏரிகளுக்குத் தண்ணி போய், சென்னைக்குக் குடிநீர் ஆகுது. அதே ஆறு பூண்டியைத் தாண்டிக் கிழக்கே ஓடி எண்ணூர்ல கடல்ல கலக்குது.

அந்தக் கழிமுகத்துப் பக்கம் என்ன இருக்கு? வட சென்னை அனல் மின் நிலையம், வல்லூர் அனல் மின் நிலையம். கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின்ல வர்றவங்களுக்குத் தெரியும், அத்திப்பட்டு பக்கம் வரும்போது ஜன்னல் வழியா அந்தப் பெரிய சிம்னிகளைப் பார்க்கலாம். வல்லூர்ல மட்டும் 500 மெகாவாட் யூனிட் மூணு இருக்கு.

அதாவது ஆத்தோட மேல் முனையில நம்ம குழாய்த் தண்ணி, கீழ் முனையில நம்ம ஸ்விட்ச். நடுவுல நாம இருக்கோம்.

முதல் கணக்கு: காலி ரூம்ல ஓடுற ஃபேன்

நிலக்கரி மின் நிலையத்துல ஒரு யூனிட் கரண்ட் எடுக்க ஏறக்குறைய 0.7 கிலோ கரி எரியணும். நம்ம நாட்டுக் கரியில சாம்பல் அதிகம், பொதுவா 30 முதல் 45 சதவீதம் வரை. 34 சதவீதம்னு வச்சுக்குவோம். 0.7-ஐ 0.34-ஆல் பெருக்குங்க. ஒரு யூனிட்டுக்கு சுமார் 240 கிராம் சாம்பல்.

இப்போ ஒரு ஹாஸ்டல் ரூம். பழைய சீலிங் ஃபேன், 75 வாட். காலையில 8.30-க்கு அவசரமா கிளம்பும்போது ஆஃப் பண்ணல. 4.30-க்குத் திரும்பி வர்றீங்க. 8 மணி நேரம், 0.6 யூனிட். அந்த ஃபேன் காத்து யார் மேலேயும் படல. ஆனா 144 கிராம் சாம்பல் உருவாகிடுச்சு. வருஷத்துக்கு 200 காலேஜ் நாள்னு போட்டா 120 யூனிட், கிட்டத்தட்ட 29 கிலோ. மெஸ்ஸுக்கு வர்ற 25 கிலோ அரிசி மூட்டையை நினைச்சுக்கோங்க. அதைவிடக் கொஞ்சம் அதிகமா சாம்பல், ஒரே ஒரு ரூம்ல இருந்து.

எல்லா யூனிட்டும் கரியில இருந்து வர்றதில்லை, உண்மைதான். தமிழ்நாட்டுல காத்தாலை இருக்கு, சோலார் இருக்கு, கல்பாக்கமும் கூடங்குளமும் இருக்கு. ஆனா சாயங்காலம் சூரியன் இறங்கின பிறகு சோலார் கிடையாது. ஊரே லைட் போடுற அந்த நேரத்துல பெரிய பாரத்தைச் சுமக்கிறது அனல் மின் நிலையம்தான். அதனால ஒரு எளிய பழக்கம்: லேப்டாப், பவர் பேங்க் சார்ஜிங், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் இதையெல்லாம் முடிஞ்சவரை பகல்லயே முடிச்சிடுங்க. செலவாகுற யூனிட் அதேதான். அது எங்கிருந்து வருதுங்கிறது மாறும்.

சரி, இந்தச் சாம்பல் எங்கே போகுது? ஒரு பகுதி சிமெண்ட்டுக்கும் செங்கல்லுக்கும் போகுது. மீதியைத் தண்ணியோட கலந்து, குழாய் வழியா சாம்பல் குளத்துக்கு அனுப்புறாங்க. அந்தக் குழாய்கள்ல கசிவு ஏற்பட்டுச் சாம்பல் கழிமுகத்துல படிஞ்சது எண்ணூர்ல பல வருஷமா நடக்குற பிரச்சினை. சாம்பல் படியப் படிய ஆத்தோட ஆழம் குறையும். அங்கே இறாலும் நண்டும் பிடிச்சுப் பிழைக்கிற மீனவக் குடும்பங்களுக்கு அதுதான் சோறு. போதாததுக்கு, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய்க் கழிவும் அதே கழிமுகத்துக்குள்ள வந்துச்சு. நம்ம ரூம் ஃபேனுக்கும் அவங்க வலைக்கும் நடுவுல ஒரு கம்பிதான் இருக்கு.

ரெண்டாவது கணக்கு: தண்ணி

2019 கோடையை நீங்க மறந்திருக்க மாட்டீங்க. சென்னைக்குக் குடிநீர் தர்ற ஏரிகள் ஜூன்ல கிட்டத்தட்ட வறண்டுபோச்சு. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையில இருந்து வில்லிவாக்கத்துக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணி ட்ரெயின்ல வந்துச்சு. 50 வேகன்.

நம்ம பக்கத்துல அதைவிடப் பழைய கதை ஒண்ணு இருக்கு. மீஞ்சூர் சுற்றுவட்டாரத்துல விவசாயத்துக்கும் ஆலைக்கும் நகரத்துக்கும்னு பல வருஷம் நிலத்தடி நீரை உறிஞ்சினதுல, கடல் நீர் நிலத்துக்கு அடியில உள்ளே வந்துடுச்சு. கிணத்துத் தண்ணி உப்பாச்சு. பிறகு அதே வட்டாரத்துல, காட்டுப்பள்ளியில, கடல் நீரைக் குடிநீராக்குற ஆலை 2010-ல் திறக்கப்பட்டுச்சு. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் அதோட திறன்.

கடல் நீர் இருக்கும்போது தண்ணிக்கு என்ன கவலைன்னு தோணலாம். ஆனா 1,000 லிட்டர் கடல் நீரைச் சுத்தம் பண்ண 3 முதல் 4 யூனிட் கரண்ட் வேணும். நம்ம முதல் கணக்குப்படி அது முக்கால் கிலோவுக்கு மேல சாம்பல். மேல் முனையில வீணாகிற தண்ணி, கீழ் முனையில சாம்பலா வந்து நிக்குது.

இதை வச்சு நம்ம ஹாஸ்டலைப் பாருங்க. செகண்டுக்கு ஒரு சொட்டு ஒழுகுற குழாய், ஒரு நாளைக்குச் சுமார் 20 லிட்டரை விட்டுடும். அது ஒரு ஆள் குளிக்கிற பக்கெட். ஆர்ஓ மெஷின் இன்னும் பெரிய ஆள். ரெக்கவரி 25 சதவீதம்னா, நீங்க குடிக்கிற ஒவ்வொரு லிட்டருக்கும் 3 லிட்டர் சாக்கடைக்குப் போகுது. 100 பேர் ஆளுக்கு 3 லிட்டர் பிடிச்சா 900 லிட்டர் கழிவு நீர். அந்த டியூபை ஒரு டிரம்ல விட்டா, தரை துடைக்கவும் டாய்லெட்டுக்கும் தாராளமா ஆகும். செடிக்கு ஊத்துறதுக்கு முன்னாடி மட்டும் டிடிஎஸ் பார்த்துடுங்க. நம்ம பக்கத்துத் தண்ணியில ஏற்கனவே உப்பு ஜாஸ்தி, அதுல வர்ற கழிவு நீர் செடியைக் கருக்கிடும்.

மூணாவது கணக்கு: மஞ்சப்பை

14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பர்ல "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் வந்துச்சு. நல்ல விஷயம்தான். ஆனா இதுலயும் ஒரு எண் ஒளிஞ்சிருக்கு. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, ஒரு தடவை மட்டும் உபயோகிக்கிற சாதாரண பிளாஸ்டிக் பையைவிடப் பருத்திப் பையோட கார்பன் தாக்கம் குறையணும்னா, அதை 131 தடவை பயன்படுத்தணும். வாரத்துக்கு ரெண்டு தடவை கடைக்குப் போனா ஒண்ணேகால் வருஷம்.

இதுக்கு அர்த்தம் பிளாஸ்டிக்குக்குத் திரும்பிடணும்னு இல்ல. வாய்க்காலை அடைக்கிறதும், கழிமுகத்துல மிதக்கிறதும் பிளாஸ்டிக்தான். அந்தக் கேடு இந்த 131-க்குள்ள அடங்காது. அர்த்தம் என்னன்னா, பையை வாங்குறது பழக்கம் ஆகாது, திரும்பத் திரும்ப எடுத்துட்டுப் போறதுதான் பழக்கம். ஒவ்வொரு சிம்போசியத்துலயும் லோகோ போட்ட துணிப்பை வாங்கி பீரோவுல அடுக்கி வச்சா, கணக்கு நமக்கு எதிராதான் போகும். அடுத்த ஈவெண்ட்ல "பை வேணாம் அண்ணா, என்கிட்டயே இருக்கு"ன்னு சொல்லிப் பாருங்க. கல்யாண வீட்டுல தாம்பூலம் போட்டுக் கொடுத்த பையே போதும்.

பழக்கம் எப்படி ஒட்டும்?

மூணு கணக்கும் தெரிஞ்சாலும் நாளைக்குக் காலையில ஃபேன் ஓடிட்டுதான் இருக்கும். ஏன்னா பழக்கம் அறிவால வர்றதில்லை, அமைப்பால வருது. மூணு வழி சொல்றேன்.

ஒண்ணு, ஏற்கனவே தவறாம பண்ற வேலையோட புதுசைக் கட்டிடுங்க. ரூமைப் பூட்டாம யாரும் போக மாட்டோம். "பூட்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஸ்விட்ச் போர்டுல கை"ன்னு வச்சுக்கோங்க. சாவியும் மடிச்ச பையும் ஒரே ஆணியில தொங்கட்டும்.

ரெண்டு, தினமும் முடிவெடுக்கிற வேலையை ஒரே தடவையில முடிச்சிடுங்க. 75 வாட் ஃபேனை மாத்தி சுமார் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் போட்டா, அப்புறம் யாரும் ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்லை. லேப் ஏசியை 24 டிகிரியில வச்சு ரிமோட்டை இன்சார்ஜ்கிட்ட கொடுத்துடலாம். ஒரு டிகிரி ஏத்தினா சுமார் 6 சதவீதம் மிச்சம்னு மத்திய அரசோட எரிசக்தித் திறன் செயலகம் சொல்லுது.

மூணு, ஒரே நேரத்துல பத்து வேணாம். ஒரு மாசத்துக்கு ஒண்ணு. அது கை தானா பண்ற அளவுக்கு வந்த பிறகு அடுத்தது.

"சிப்காட்டே எரியுது, என் ஃபேனா பிரச்சினை?"

இந்தக் கேள்வி வரும், வரணும். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல பழைய இரும்பை உருக்கிக் கம்பி ஆக்குற இண்டக்‌ஷன் ஃபர்னஸ்கள் இருக்கு. ஒரு டன் ஸ்கிராப்பை உருக்க ஏறக்குறைய 600 யூனிட் ஆகும். நம்ம காலி ரூம் ஃபேன் அஞ்சு வருஷம் ஓடினாதான் அந்த 600 வரும். அதனால தனி மனுஷன் பழக்கம் மட்டும் எண்ணூரைக் காப்பாத்தும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அதுக்குச் சட்டம் வேணும், கண்காணிப்பு வேணும், நல்ல டெக்னாலஜி வேணும்.

ஆனா அடுத்த வருஷம் அந்த ஃபர்னஸ் பக்கத்துல ஷிஃப்ட் இன்ஜினியரா நிக்கப் போறது யாரு? நம்ம பேட்ச்தான். ஒரு ஃபர்னஸ் நாளைக்கு 100 டன் உருக்குதுன்னு வச்சுக்குவோம், 60,000 யூனிட். மூடி ஒழுங்கா மூடுறது, சார்ஜ் பண்ண லேட் ஆக்காம இருக்கிறது, ஹோல்டிங் டைமைக் குறைக்கிறது, இப்படி 5 சதவீதம் மிச்சம் பிடிச்சாலே 3,000 யூனிட். நம்ம கணக்குப்படி ஒரே நாள்ல 720 கிலோ சாம்பல். அந்த 5 சதவீதத்தை யார் கவனிப்பாங்க? ஹாஸ்டல்ல காலியா ஓடுற ஃபேன் கண்ணுல பட்டு உறுத்தினவங்கதான் கவனிப்பாங்க. பழக்கத்தோட நிஜமான பலன் அங்கேதான் இருக்கு.

இந்த வாரத்து வீட்டுப்பாடம்

உங்க பிளாக்ல இல்ல வீட்டுல, ஞாயிறு காலையில மீட்டர் ரீடிங்கைக் குறிச்சுக்கோங்க. எதையும் மாத்தாம ஒரு வாரம் விடுங்க. அடுத்த ஞாயிறு ரீடிங் எடுங்க. பிறகு ஒரே ஒரு பழக்கத்தை மாத்தி இன்னொரு வாரம். ரெண்டு வாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 240-ஆல் பெருக்குங்க. வர்ற கிராமை ஒரு பேப்பர்ல பெருசா எழுதி, ஸ்விட்ச் போர்டுக்கு மேல ஒட்டிடுங்க. பச்சைப் பூமி போஸ்டரைவிட அது நல்லா வேலை செய்யும்.