குடற்புழு நீங்கிய கோழியைத் தேற்றும் முறை
(இளங்கலை விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

“மருந்து கொடுத்தாயிற்று; இனிக் கோழி தானாகத் தேறிவிடும்” என்பது எங்கள் குப்பத்தில் பலரும் சொல்லும் சொல். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். விலங்கியல் பாடத்தில் உருளைப்புழுவின் வாழ்க்கைச் சுற்றைப் படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் பெற்ற பின்னும், வீட்டுக் கோழிகளின் செய்தியில் நான் தவறினேன். அத்தவற்றிலிருந்து கற்றதை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழவேற்காடு ஏரி இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் ‘பாடு’ என்னும் முறை உண்டு. ஏரியின் நல்ல இடங்களில் வலையிடும் உரிமை முறை வைத்துச் சுழன்று வரும். பாடு இல்லாத நாளில் வருவாய் குறையும். அந்நாட்களில் வீட்டுக்குக் கைகொடுப்பது பெண்கள் வளர்க்கும் கோழியும் முட்டையுமே. என் தேர்வுக் கட்டணத்தில் ஒரு பகுதி என் தாயார் முட்டை விற்றுச் சேர்த்த காசு என்பதை நான் மறைக்க வேண்டியதில்லை.

நடந்தது என்ன?

சென்ற கார்த்திகை மழைக்குப்பின் எங்கள் வீட்டுக் கோழிகள் பன்னிரண்டும் மெலியத் தொடங்கின. கொண்டை வெளுத்தது, மார்பெலும்பு கத்தி முனைபோல் துருத்தியது, முட்டை நின்றது. கால்நடை மருத்துவரிடம் காட்டிக் குடற்புழு மருந்து கொடுத்தோம். மறுநாள் எச்சத்தில் வெள்ளை நூல்போன்ற புழுக்கள் விழுந்தன. அம்மாவுக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஆனால் ஒரு வாரம் கழிந்தும் கோழிகள் சுறுசுறுப்படையவில்லை. ‘சத்துக் குறைவு’ என்று நானே முடிவு கட்டினேன். வீட்டில் உப்பிட்ட கருவாட்டுத் தூள் நிறைய இருந்தது. புரதம் மிகுந்த பொருள்தானே என்று, தவிட்டில் ஐந்தில் ஒரு பங்கு கலந்து வைத்தேன். கோழிகள் ஆவலுடன் தின்றன, பிறகு ஓயாமல் தண்ணீர் குடித்தன, எச்சம் நீராய்ப் போயிற்று, கால்கள் தள்ளாடின. மூன்றாம் நாளுக்குள் நான்கு கோழிகள் மடிந்தன.

மீண்டும் மருத்துவரிடம் ஓடினோம். “புழு மருந்து புழுவைத்தான் கொல்லும் அம்மா; புழு கெடுத்ததைச் சரிசெய்வது தீனியின் வேலை. அந்தத் தீனியில் இவ்வளவு உப்பு இருக்கலாமா?” என்று கேட்டார் அவர். அக்கேள்விக்கு விடை தேடியபோது அறிந்தவையே இனி வருவன.

புழு கெடுப்பது எதை?

நாட்டுக்கோழியின் சிறுகுடலில் வாழும் பெரிய உருளைப்புழு அஸ்காரிடியா கேல்லி. இதன் முட்டை எச்சத்துடன் வெளிவந்து, ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் இரண்டு மூன்று வாரங்களில் நோய் பரப்பும் பக்குவத்தை அடைகிறது. மழைக்காலத்தில் நம் குப்பங்களில் கோழி மெலிவதன் காரணம் இப்போது விளங்கும். கோழி விழுங்கிய முட்டையிலிருந்து வரும் இளம்புழு குடலின் உட்சுவரைத் துளைத்துச் சிலகாலம் அங்கே தங்குகிறது. அதனால் உணவை உறிஞ்சும் சவ்வு புண்ணாகிறது.

நாடாப்புழுக்கள் வேறு வழியில் வருகின்றன. ரெய்லிட்டினா இனங்கள் எறும்பு, வண்டு ஆகியவற்றின் மூலமும், கோயனோடீனியா வீட்டு ஈயின் மூலமும் கோழியை அடைகின்றன. மீன் உலர்த்தும் களத்தில் ஈக்கும் எறும்புக்கும் பஞ்சமா? பிப்பரசின் என்னும் மருந்து உருளைப்புழுவை வெளியேற்றுமேயன்றி நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. எனவே எப்புழு என்றறிந்து மருந்து கேட்பது நலம்.

புழு வெளியேறிய அன்றே குடற்சவ்வு வளர்ந்துவிடாது. அது புதுப்பிக்கப்படப் புரதமும் வைட்டமின் ஏ-யும் பி தொகுதியும் தேவை. புழுவிருந்த காலத்தில் இவை சரிவர உடலில் சேர்ந்திராது. மருந்துக்குப்பின் துணைச்சத்து தரவேண்டும் என்பதன் காரணம் இதுவே.

அறிஞர் இருவர்

1890-களில் ஜாவாத் தீவில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் அவை எழுந்து நடப்பதையும் கண்டார். வைட்டமின் பி1 பற்றிய அறிவு இதிலிருந்தே வளர்ந்தது. 1929-இல் நோபெல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர். வெறும் வெள்ளைச் சோற்றை மட்டும் கோழிக்கு இறைப்போர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் ஜேம்ஸ் ஆக்கர்ட் என்பவர், வைட்டமின் ஏ குறைந்த தீனி தின்ற கோழிக்குஞ்சுகள் அஸ்காரிடியாப் புழுவை எதிர்க்கும் ஆற்றலில் குன்றுகின்றன என்று 1920-களிலும் 1930-களிலும் சோதனைகள் மூலம் காட்டினார். ஆகவே நல்ல தீனி தேற்றுவதோடு, அடுத்த தாக்குதலையும் தாங்கச் செய்கிறது.

உப்புக் கணக்கு

கோழியின் மொத்தத் தீனியில் உப்பு நூற்றுக்கு அரைப் பங்கைத் தாண்டலாகாது. கருவாட்டின் உப்பளவு மீனுக்கு மீன் வேறுபடும். நூற்றுக்குப் பதினைந்து என்றே வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் தீனியில் உப்பு நூற்றுக்கு மூன்று ஆகிறது. இது வரம்பைப்போல் ஆறு மடங்கு! இத்துடன் உவர்ப்பான கிணற்று நீரையும் குடித்தால் கோழி என்ன செய்யும்? சத்து என்று நான் கொடுத்தது நஞ்சாயிற்று.

நாங்கள் கைக்கொண்ட முறை

எஞ்சிய எட்டுக் கோழிகளும் மருத்துவர் சொற்படி தேறின. அம்முறை பின்வருமாறு:

1. மருந்து கொடுத்த முதல் இரண்டு நாள் கோழிகளை அடைத்து வைத்து, விழும் எச்சத்தை வாரி ஆழப் புதைக்க வேண்டும். தீனி மென்மையாக, ஈரத் தவிடும் நொய்க்கஞ்சியுமாக இருக்கட்டும்.

2. அடுத்த ஐந்து நாள், கடையில் கிடைக்கும் வைட்டமின் மருந்தை உறையில் கண்ட அளவில் குடிநீரில் கலந்து தரலாம். நல்ல தண்ணீரையே பயன்படுத்துக. வெயிலில் சத்து கெடுமாதலால் நிழலில் வைத்து, நாள்தோறும் மாற்றுக. வைட்டமின் ஏ ஈரலில் தங்குவதால் அளவு மீறுதல் தீங்கு.

3. முருங்கைக்கீரை அல்லது அகத்திக்கீரையை நறுக்கிப் பத்துக் கோழிக்கு ஒரு கைப்பிடி வீதம் தருக. வைட்டமின் ஏ ஆவதற்குரிய கரோட்டின் இவற்றில் நிறைந்துள்ளது.

4. புரதத்துக்கு உப்பிடாமல் உலர்த்திய காரப்பொடி, நெத்திலி, வேகவைத்து உலர்த்திய இறால் தலை ஆகியவற்றை இடித்து, நூறு பங்கு தீனியில் ஐந்து முதல் எட்டுப் பங்கு சேர்க்கலாம். மணலில் உலர்த்தாமல் பழைய வலைமீதோ பாய்மீதோ உலர்த்துக. மிகுந்தால் முட்டையில் மீன் வாடை அடிக்கும்.

5. முட்டையிடத் தொடங்கிய கோழிக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிச்சட்டியில் வைத்தால் வேண்டியதைத் தானே தின்னும். குஞ்சுகளுக்கு இது வேண்டா.

6. இரத்தக்கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் கொடுக்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. அம்மருந்து பி1-இன் உருவை ஒத்திருந்து நோய்க்கிருமியை ஏமாற்றி வேலை செய்கிறது. அந்நாட்களிலேயே பி1 மிகுதியாகக் கொடுத்தால் மருந்து பயனிழக்கும். சிகிச்சை முடிந்த பின்னரே அதைத் தருக.

7. பிப்பரசின் இளம்புழுக்களை முழுதும் ஒழிக்காது. ஆகவே மறுமுறை மருந்து எப்போது என மருத்துவரைக் கேட்டறிக. மருந்துறையில் குறித்த நாள்வரை முட்டையை உண்ணவோ விற்கவோ கூடாது. வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன்பே புழு நீக்கிவிடுவது நல்லது.

முடிவுரை

ஒரு மாதத்தில் கொண்டை சிவந்தது. தை பிறந்தபின் இரு கோழிகள் முட்டையிட்டன. இழந்த நான்கு கோழிகளின் விலை எங்கள் வீட்டுக்குச் சிறிதன்று. “படிச்ச புள்ள கலந்து வெச்சதுன்னு நானும் கேக்காம வுட்டுட்டேன்” என்று அம்மா சொன்னது இன்னும் என் செவியில் ஒலிக்கிறது.

எங்கள் ஊரில் சத்துப் பொருளுக்குக் குறைவில்லை. கடலும் ஏரியும் மீனைத் தருகின்றன. கொல்லையில் முருங்கை நிற்கிறது. கரையில் கிளிஞ்சல் குவிந்து கிடக்கிறது. எதை, எவ்வளவு, எப்போது என்பதை அறிந்து கொடுப்பதே வேண்டுவது. நம் கல்லூரிக்குக் குப்பங்களிலிருந்து வரும் மாணவ நண்பர்கள் இச்செய்தியைத் தத்தம் வீட்டுத் தாய்மாரிடம் எடுத்துரைப்பார்களாயின், என் வீட்டில் மடிந்த கோழிகளால் பிறர் வீட்டுக் கோழிகளேனும் பிழைக்கும்.