குளிர்நாட்டில் காற்றே போர்வை



வெப்பக் கடத்தல் பற்றிய பாடத்தை நானும் நம் கல்லூரி வகுப்பறையிலேதான் படித்தேன். "காற்று ஓர் அரிதிற் கடத்தி" என்று விடை எழுதிப் புள்ளியும் பெற்றேன். ஆனால் அந்த வசனத்தின் பொருள் எனக்கு விளங்கியது, மேற்படிப்புக்காகப் பின்லாந்தின் ஔலு நகருக்குச் சென்று கழித்த முதல் குளிர்காலத்திலேயாகும்.

ஔலு, வட அகலக்கோடு 65 பாகையில், பொத்னியா வளைகுடாவின் கரையில் உள்ளது. குளிர்காலத்தில் அந்தக் கடலே உறைந்துவிடும். டிசம்பர் இறுதியில் சூரியன் காலை பத்தரை மணியளவில் உதித்துப் பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்றுப் பின் மறையும். லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். இருளில் நடப்போரை வாகன ஓட்டிகள் காண்பதற்காக, உடையில் ஒளி தெறிக்கும் சிறு வில்லையொன்றைத் தொங்கவிட வேண்டும். பனி வழுக்காதிருக்க நடைபாதைகளில் சிறு கற்களைத் தூவியிருப்பார்கள். சிறுவர்கள் அதன்மேல் சைக்கிளில் பாடசாலைக்குப் போவார்கள்.

நுவரெலியாக் குளிரை மட்டுமே அறிந்திருந்த நான், தடித்த உடைதான் குளிருக்கு மருந்து என எண்ணினேன். இரண்டு சோடிப் பருத்திக் காலுறைகளை அணிந்து, அவற்றின்மேல் சப்பாத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். எது சரியென்று எவரிடமும் கேட்கவில்லை. இதுகூடத் தெரியாதவளா என்று நினைப்பார்களே என்ற வெட்கம். உம்மா தொலைபேசியில் விசாரிக்கும்போதும், "குளிர் ஒன்றுமில்லை உம்மா" என்றே சொல்லிவந்தேன்.

ஒருநாள் காலை, பூச்சியத்துக்குக் கீழ் 22 பாகை செல்சியஸ். பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். முதலில் கால்விரல்கள் கடுமையாக வலித்தன. சிறிது நேரத்தில் வலி நின்றுவிட்டது. பழகிவிட்டது என்று மகிழ்ந்தேன். அங்கே தினமும் என்னிலிருந்து சில அடி தள்ளி, ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்கும் மூதாட்டி ஒருவர், அன்று என் கால்களைப் பார்த்தார். "விரல்களை உணர முடிகிறதா?" என்று தடுமாறிய ஆங்கிலத்தில் கேட்டார். இல்லையென்றேன். உடனே என் கையைப் பிடித்து, அருகிலிருந்த தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். விரல்கள் வெளிறி, மரத்திருந்தன. நான் தேய்க்கப்போனபோது தடுத்து, இளஞ்சூட்டு நீரில் கால்களை வைக்கச் செய்தார். உணர்வு திரும்பியபோது ஏற்பட்ட வலியில் அழுதேவிட்டேன். அவரோ நிம்மதியாகச் சிரித்தார். வலி நின்றதுதான் ஆபத்தின் அறிகுறி என்று அதன்பிறகே அறிந்தேன். இன்னும் சற்று நின்றிருந்தால் தசையே உறைந்திருக்கும்.

என் தவறுகள் மூன்று. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். இறுக்கமான சப்பாத்தில் காற்றுக்கு இடமில்லை. இரத்த ஓட்டமும் குறைந்தது. உண்மையில் உடை சூட்டைத் தருவதில்லை. உடலின் சூடு வெளியேறாதபடி, அசையாத காற்றைச் சிறைப்பிடித்து வைப்பதே அதன் வேலை. ஆகவே அந்நாட்டவர் உள்ளே மெல்லிய கம்பளி, நடுவே தளர்வான கம்பளி, வெளியே காற்றுப் புகாத மேலங்கி என அடுக்கடுக்காக அணிவர். சப்பாத்தையும் ஓர் அளவு பெரிதாக வாங்குவர்.

அதன்பின் எங்கு பார்த்தாலும் அதே பாடம்தான். யன்னல்களில் மூன்று கண்ணாடிகள், அவற்றிடையே காவலியாக வாயுப் படை. வாசலில் இரு கதவுகள், நடுவே சிறு அறை. அங்குள்ள காட்டுக்கோழிகள்கூடப் பனிக்குள் குழி தோண்டி உறங்கும். புதுப்பனியின் இடைவெளிகளில் நிறைந்திருப்பதும் காற்றே.

அன்று மாலை உம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். நெடுநேரம் மௌனமாக இருந்தவர், "இனி ஒன்றுமில்லை என்று சொல்லாதே மகள்" என்றார்.

தங்கைகளே, நாளை நீங்களும் தூரதேசம் போகலாம். தெரியாததைக் கேட்க வெட்கப்படாதீர்கள். பெற்றோர்களே, "ஒன்றுமில்லை" என்று பிள்ளை சொன்னால், தயவுசெய்து இன்னொரு கேள்வி கேளுங்கள்.