மண் சுமக்க வந்த விருந்தினர்

இளைஞன் ஒருவன் தன் நாட்டை விட்டு, மொழி தெரியாத வேறொரு நாட்டிற்குச் செல்கிறான். அங்குள்ள இளைஞர் குழுவோடு சேர்ந்து பள்ளிச் சுவர் எழுப்புகிறான், சாலையைச் செப்பனிடுகிறான், சில வாரங்களுக்குப்பின் ஊர் திரும்புகிறான். இதைக் கேட்பவரின் உள்ளத்தில் முதலில் தோன்றுவது பாராட்டு. சற்றுச் சிந்தித்தால் ஒரு கேள்வியும் எழும்: ‘அந்த ஊரில் மண்வெட்டி பிடிக்க ஆளில்லையா? அதற்காக ஒருவன் கடல் கடந்து வரத்தான் வேண்டுமா?’

இக்கேள்வியைத் தட்டிக் கழிக்க இயலாது. தொண்டு என்பது எது, தொண்டால் பயன் பெறுபவர் யார் என்ற ஆராய்ச்சிக்கே இது வாயிலாக அமைகிறது. இதற்கு நூல்களில் விடை தேடுவதைவிட, இத்தகைய தொண்டைத் தொடங்கி வைத்த ஒருவரின் வாழ்க்கையில் தேடுவது பொருத்தமாகும்.

பியர் செரெசோல்

ஸ்விட்சர்லாந்து நாட்டவரான பியர் செரெசோல் 1879-ஆம் ஆண்டு பிறந்தார். அவரது தந்தை 1873-இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கியவர். கணிதமும் பொறியியலும் கற்ற பியர், இளமையில் அமெரிக்கா, ஹவாய், ஜப்பான் ஆகிய இடங்களுக்குச் சென்று உடலுழைப்பையும் அறிந்துகொண்டார். தந்தையிடமிருந்து கிடைத்த சொத்து தன் உழைப்பால் வந்ததன்று என்று கருதி, அதை நாட்டிற்கே அளித்துவிட்டார். முதல் உலகப் போரின்போது ராணுவ வரி செலுத்த மறுத்துச் சிறை சென்றார்.

‘போர் வேண்டாம்’ என்று சொல்வதோடு தன் கடமை முடிந்துவிட்டதாக அவர் எண்ணவில்லை. ஒரு போர்வீரன் நாட்டிற்காகத் தன் வசதியைத் துறக்கிறான், கட்டளைக்குப் பணிகிறான், துன்பத்தைத் தாங்குகிறான். அதே துறவும் ஒழுங்கும் ஆக்கப் பணிக்குப் பயன்பட்டால் என்ன? இந்த எண்ணமே அவரைச் செயலுக்குத் தூண்டியது.

முதல் முயற்சி தந்த பாடம்

1920-ஆம் ஆண்டு நவம்பரில், பிரான்சில் வெர்தூன் போர்க்களத்தை அடுத்த எஸ்ன் என்ற சிற்றூருக்குச் சிறு குழு ஒன்று சென்றது. பீரங்கிக் குண்டுகளால் அவ்வூர் சிதைந்து கிடந்தது. குழுவினர் இடிபாடுகளை அகற்றினர், வழிகளைச் சீராக்கினர், தற்காலிக வீடுகள் எழுப்பினர். குழுவில் ஜெர்மானியரும் இருந்தனர். இடித்தவர்களின் நாட்டினரே கட்டுவதற்கும் வரவேண்டும் என்பது செரெசோலின் கருத்து.

ஆனால் போரின் புண் ஆறாத காலம் அது. ஜெர்மானியர் அங்கிருப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. அவர்களை மட்டும் விலக்கிவிட்டுப் பணியைத் தொடர்வது எளிதாக இருந்திருக்கும். குழுவினர் அதற்கு இசையவில்லை. 1921-இல் பணியை விட்டு வெளியேறினர்.

வெளிப்பார்வைக்கு இது தோல்வி. எனினும் அதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாயின. கொடுப்பவரின் நோக்கம் தூயதாக இருப்பது மட்டும் போதாது. ஏற்பவரின் மனமும் இசைய வேண்டும். அந்த இசைவை வற்புறுத்திப் பெற முடியாது. காத்திருந்தே பெற வேண்டும். செரெசோல் காத்திருந்தார். 1928-ஆம் ஆண்டு, ரைன் நதியின் வெள்ளத்தால் பாழ்பட்ட லிக்டன்ஸ்டைன் நாட்டின் வயல்களிலிருந்து கல்லையும் வண்டலையும் அகற்றப் பல நாடுகளிலிருந்து 700-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் திரண்டனர்.

பீகார் மண்ணில்

1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பிற்பகல், பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. பத்தாயிரத்திற்கும் அதிகமானோர் மாண்டனர். நிலம் பிளந்து நீரும் மணலும் பீறிட்டதால் வடபீகாரின் வளமான வயல்கள் மணலால் மூடப்பட்டன. நிலமட்டம் மாறியதால் பல கிராமங்களை வெள்ள அபாயமும் சூழ்ந்தது. சிறையிலிருந்து விடுதலையான ராஜேந்திர பிரசாத் நிவாரணப் பணிக்குத் தலைமை ஏற்றார்.

1931-இல் காந்திஜி ஸ்விட்சர்லாந்து வந்தபோதே அவரைச் சந்தித்திருந்த செரெசோல், 1934-ஆம் ஆண்டிலேயே இந்தியாவிற்கு வந்தார். பிறகு ஐரோப்பியத் தோழர்கள் சிலரும் அவரோடு இணைந்தனர். முஸாபர்பூர் பகுதியில், வெள்ளத்திற்கு இலக்கான கிராமங்களை மேட்டு நிலத்தில் புதிதாக அமைக்கும் பணியில் அவர்கள் ஈடுபட்டனர்.

முதலில் எழுந்த கேள்வி இங்குதான் கூர்மையடைகிறது. பீகாரில் உழைக்கும் கரங்களுக்குப் பஞ்சமில்லை. அந்த வெயிலில் மண் சுமப்பதில் உள்ளூர் உழவருக்கு ஈடாக ஓர் ஐரோப்பியர் நிற்பதும் அரிது. கப்பல் கட்டணத்தைப் பணமாகவே அனுப்பியிருந்தால் எத்தனையோ பேருக்குக் கூலி கொடுத்திருக்கலாம். கூடைக்கணக்கில் அளந்தால் அவர்களது வருகை நஷ்டமே.

ஆனால் அவர்கள் கொண்டு வந்தது கூடையால் அளக்கக் கூடியதன்று. வெள்ளையர் என்றால் ஆணையிடுபவர் என்றே மக்கள் அறிந்திருந்த காலம் அது. கற்றவரும் மேல்நிலையில் இருந்தவரும் மண்ணைத் தொடுவது இழிவு என்ற எண்ணமும் நிலவியது. அச்சூழலில் ஒரு வெள்ளையர், உள்ளூர் மக்களோடு ஒருவராக மண் சுமந்தார். ஆள்பவர் ஆளப்படுபவர் என்ற பிரிவையும், கற்றவர் உழைப்பவர் என்ற பிரிவையும் அச்செயல் ஒருங்கே மறுத்தது. பேச்சால் உணர்த்த முடியாததை உழைப்பு உணர்த்தியது.

செல்பவர் சிந்திக்க வேண்டியவை

செரெசோல் 1945-இல் மறைந்தார். அவர் தொடங்கிய சர்வதேசத் தொண்டு இயக்கமான ‘சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்’ இன்றும் இயங்கி வருகிறது. இத்தகைய முகாம்களில் தேவையைச் சொல்வதும் பணியைத் தேர்ந்தெடுப்பதும் பெரும்பாலும் உள்ளூர்க் குழுக்களே. வெளிநாட்டுத் தொண்டர்கள் பொதுவாகத் தம் செலவில் வந்து, எளிய உணவும் இடமும் பெற்று, அங்குள்ள இளைஞர்களோடு உழைக்கின்றனர்.

இவ்வாறு செல்பவர் முதலில் விட வேண்டியது, ‘இவர்களை உயர்த்த வந்தேன்’ என்ற எண்ணத்தை. உள்ளூர் இளைஞனுக்கு அந்த மண்ணின் இயல்பு தெரியும். எந்தக் கிணறு கோடையில் வற்றும் என்பது தெரியும். விருந்தினர் சென்ற பிறகு அந்தச் சுவரைக் காக்கப் போகிறவனும் அவனே. ஆகவே அவன் சொற்படி நடப்பதே விருந்தினருக்கு அழகு. உள்ளூர்க் கொத்தனாரின் கூலியைப் பறிக்கும் பணியும், தொண்டர் கிளம்பியதும் பாழாகும் பணியும் தொண்டாகா.

அடுத்து விட வேண்டியது, பயனைக் காணும் ஆவல். சில வாரங்களில் ஓர் ஊர் மாறிவிடாது. மாறுபவர் பெரும்பாலும் சென்றவரே. இதை உணர்ந்தவர் நன்றியை எதிர்பார்க்கமாட்டார், நன்றியோடு திரும்புவார்.

‘கடல் கடந்து ஒருவன் வரத்தான் வேண்டுமா?’ என்ற கேள்விக்கு விடை இப்போது தெளிவாகிறது. சுவருக்காக மட்டும் என்றால் வேண்டியதில்லை. சுவர் எழுப்பும் கைகளுக்கிடையே உள்ள சுவர் தகர வேண்டுமானால், வரத்தான் வேண்டும்.

சிந்தனைக்கு

1. எஸ்ன் கிராமத்தில் ஜெர்மானியரை மட்டும் அனுப்பிவிட்டுப் பணியைத் தொடர்ந்திருந்தால், அப்பணி எதை இழந்திருக்கும்?

2. தொண்டில் பொருளின் இடம் எது? உடனிருந்து உழைப்பதின் இடம் எது?

3. சொந்த ஊரில், அடுத்த தெருவில், இதுவரை சேர்ந்து உழைக்காதவரோடு சேர்ந்து செய்யக்கூடிய பணி எது?