டீசல் பிக்கப்பா, பெற்றோல் வேகமா?

பிக்கப் வாங்கப் போகும் வியாபாரி முதலில் கேட்பது, "குதிரை வலு எவ்வளவு?" என்பதைத்தான். அந்தக் கேள்வி எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரே நிறுவனம் விற்ற இரண்டு வாகனங்களைப் பார்ப்போம்.

டொட்ஜ் நிறுவனம் 2004 முதல் 2006 வரை 'ராம் எஸ்.ஆர்.டி.-10' என்ற பெற்றோல் பிக்கப்பை விற்றது. பந்தயக் கார் போன்ற 'வைப்பர்' காரின் 8.3 லீற்றர் எஞ்சின் அதற்கு. வலு 500. மணிக்கு சுமார் 248 கிலோமீற்றர் ஓடி கின்னஸ் சாதனையும் படைத்தது. அதே காலத்து ராம் பிக்கப்பில் கம்மின்ஸ் 5.9 லீற்றர் டீசல் எஞ்சினும் கிடைத்தது. வலு 325தான்.

ஆனால் பாரத்தை இழுப்பது முறுக்கு விசை. பெற்றோலில் அது 525 இறாத்தல்-அடி, அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 4200 சுற்றுச் சுற்றினால்தான். டீசலில் சுமார் 600. 1600 சுற்றிலேயே வந்துவிடும். ஏற்றத்தில் பாரத்தோடு நிறுத்திக் கிளப்பிப் பார்த்தவருக்கு இதன் அருமை புரியும்.

அதற்காக எல்லோரும் டீசலுக்குப் பாயவும் வேண்டாம். அந்த டீசல் எஞ்சினுக்கு ஆயிரக்கணக்கான டொலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. இன்ஜெக்டர் பழுதானால் செலவு பெரிது. 2007க்குப் பின் அங்கு வந்த டீசல்களில் புகைக்கரி வடிகட்டியும் உண்டு. குறுந்தூரமே ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். சில்லறைச் சாமானை ஊருக்குள் கொண்டுபோகிறவருக்குச் சாதாரண பெற்றோல் வாகனமே போதும். 500 குதிரை வலு ஆசைக்கு வாங்குவது. அதைக் கடைக் கணக்கில் எழுதாதீர்கள்.

வாங்கப் போகுமுன் கடந்த மூன்று மாதத்தில் ஏற்றிய பாரத்தையும் ஓடிய தூரத்தையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்.